எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுவதும் கேனைக் கையாள்வதும்: புதியவர்களுக்கான தீப்பாதுகாப்பு வழிகாட்டி

ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் எஞ்சின், புல்வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் ரம்பம், மருந்து தெளிப்பான், படகு மோட்டார் என எதுவாக இருந்தாலும், பெட்ரோலில் ஓடும் இயந்திரத்தை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுக்க யாராவது ஒருவர் இருப்பார். அதற்கு எப்படிப் பெட்ரோல் ஊற்றுவது என்பதைப் பெரும்பாலும் எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மூடியைத் திறந்து, ஊற்றி, மூடுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். ஆனால் திறந்த கேனோடு சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு நிமிடங்களில்தான் தீப்பிடிப்பதற்கு வேண்டிய எல்லாமே ஓரிடத்தில் கூடிவிடுகின்றன. அந்த இரண்டு நிமிடங்களையும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையும் பற்றியது இக்கட்டுரை.

எரிவது ஆவிதான்

பெட்ரோலைப் பற்றிய விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எரிவது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவியே என்பதைப் புரிந்துகொண்டால், அந்த ஆவி இப்போது எங்கே இருக்கிறது, எங்கே போகும் என்று கேட்டுப் பார்த்து ஒவ்வொரு விதியையும் நாமே வகுத்துக்கொள்ளலாம்.

ஒரு திரவத்திலிருந்து எழும் ஆவி, நெருப்புக் காட்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பார்கள். டீசலுக்கு இது 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். மண்ணெண்ணெய்க்குச் சுமார் 38 டிகிரி. பெட்ரோலுக்கோ பூச்சியத்துக்கும் கீழே ஏறக்குறைய 40 டிகிரி. தண்ணீர் உறைந்து கிடக்கும் குளிரிலும் பெட்ரோல் பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது என்பது இதன் பொருள். மண்ணெண்ணெய் விளக்கையோ டீசல் எஞ்சினையோ பல ஆண்டுகள் கையாண்டு பழகியவர்கள் அதே கைப்பழக்கத்தோடு பெட்ரோலை அணுகும்போது ஏமாந்துபோவதற்கு இந்த வேறுபாடே காரணம். டீசலில் சிறிதளவு பெட்ரோல் கலந்துவிட்டால்கூட அந்தக் கலவையின் தீப்பற்றுநிலை வெகுவாகக் கீழே இறங்கிவிடும். எனவே கலந்துபோனதைப் பெட்ரோலாகவே கருத வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது புகைபோல மேலே போகாமல், தண்ணீரைப்போலத் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தேங்கி, கதவிடுக்கின் கீழே புகுந்து, படிக்கட்டில் இறங்கிச் செல்லும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓடையின் மறுமுனை பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளியிருக்கும் ஓர் அடுப்பையோ, தண்ணீர் சூடாக்கும் கருவியின் அடியில் எரியும் சிறு சுடரையோ தொட்டுவிட்டால், தீ வந்த வழியே திரும்பி ஓடிவந்து கேனில் முடியும். நெருப்பு வெகுதூரத்தில்தானே இருக்கிறது என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

காற்றில் இந்த ஆவி கனஅளவில் சுமார் 1.4 விழுக்காட்டுக்கும் 7.6 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தால் எரியும். இந்த எண்ணின் அளவை உணர ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 180 முதல் 200 லிட்டர் ஆவி கிடைக்கும்; அது காற்றோடு சீராகக் கலந்தால் 12, 13 கன மீட்டர் கொண்ட ஒரு சிறிய அறையின் காற்று முழுவதையும் எரியக்கூடியதாக மாற்றிவிடும். நடைமுறையில் அது சீராகக் கலப்பதில்லை, தரையோரமாகவே அடர்ந்து கிடக்கும் என்பதால், அறை முழுவதும் பரவும் முன்பே கணுக்கால் உயரத்தில் ஆபத்து தொடங்கிவிடுகிறது.

பற்றவைப்பதற்குத் தீக்குச்சிதான் வேண்டும் என்பதில்லை. மின்விளக்கின் சுவிட்ச், தானாகவே ஓடி நிற்கும் குளிர்சாதனப் பெட்டி, துளைபோடும் கருவியின் மோட்டார், உலோகத்தைத் தேய்க்கும் சாணைச் சக்கரம் ஆகிய எதிலிருந்தும் வரும் பொறி போதும். ஓடி முடித்த எஞ்சினின் சைலன்சர் பொறியே இல்லாமல் வெறும் சூட்டாலேயே ஆவியைப் பற்றவைக்கக்கூடியது. உலர்ந்த நாளில் கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரல் நுனியில் சுருக்கென்று பாய்கிறதே, அந்த நிலைமின்சாரப் பொறிக்குப் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவைப்படுவதைவிடப் பலமடங்கு ஆற்றல் உண்டு.

எந்தக் கேனில் வாங்குவது

பெட்ரோலுக்கென்றே தயாரிக்கப்பட்டு, அதற்கான தரக்குறி பொறிக்கப்பட்ட உலோகக் கேனையோ கெட்டியான பிளாஸ்டிக் கேனையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். தண்ணீர் பாட்டில், எண்ணெய் வாங்கிய டின், பெயின்ட் வாளி, பிளாஸ்டிக் பை ஆகியவற்றில் வாங்குவது, ஒரே ஒரு முறைதானே என்று வாங்கினாலும், தவறுதான். மெல்லிய பிளாஸ்டிக் பெட்ரோலில் ஊறி இளகும். மூடி ஆவியின் அழுத்தத்தைத் தாங்காது. கீழே விழுந்தால் உடையும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் பாட்டிலில் இருப்பதைத் தண்ணீர் என்றுதான் குழந்தை நினைக்கும்.

பெட்ரோல் கேனுக்குச் சிவப்பு நிறம் பல இடங்களில் வழக்கமானது என்றாலும், நிறத்தை மட்டும் நம்பாமல் பெரிய எழுத்தில் ‘பெட்ரோல்’ என்று எழுதி ஒட்டுவது நல்லது. எண்ணெய் கலந்த பெட்ரோலுக்குத் தனிக் கேன் வைத்துக்கொண்டு அதன்மேல் கலவை விகிதத்தையும் கலந்த தேதியையும் எழுதிவைக்க வேண்டும்.

தரமான கேன்கள் பலவற்றின் வாயில் சிறு கண்ணிகள் கொண்ட ஒரு வலை இருக்கும். வேகமாக ஊற்ற முடியவில்லை என்று சிலர் முதல் வேலையாக அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது குப்பையை வடிகட்ட மட்டும் வைத்ததன்று. சுடர் அந்தக் கண்ணிகளின் ஊடே புக முயலும்போது உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், வெளியே தீப்பிடித்தாலும் அது கேனுக்குள் இறங்காது. 1815ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காக வடிவமைத்த பாதுகாப்பு விளக்கில், சுடரைச் சுற்றிக் கம்பிவலை வைத்ததும் இதே தத்துவத்தால்தான். இருநூறு ஆண்டுகளாக உயிர்களைக் காத்துவரும் ஒரு ஏற்பாட்டை அரை நிமிட அவசரத்துக்காகப் பிடுங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கேனின் அளவையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 20 லிட்டர் பெட்ரோலின் எடை மட்டும் ஏறக்குறைய 15 கிலோ. அதைத் தூக்கிச் சாய்த்து, சிறிய டேங்கின் வாயில் சரியாக ஊற்றுவது பழகிய கைக்கே கடினம். புதியவர்களுக்கு 5 லிட்டர் கேனே ஏற்றது. அதிகம் தேவையென்றால் ஒரு பெரிய கேனைவிட இரண்டு சிறிய கேன்கள் மேல்.

பெட்ரோல் நிலையத்தில் கேனை நிரப்புதல்

வண்டியின் டிக்கியிலோ, பின்புறத் தட்டிலோ, மடியிலோ வைத்துக்கொண்டு கேனை நிரப்பக் கூடாது. கீழே இறக்கித் தரையில் வைத்த பிறகே நிரப்ப வேண்டும். சிந்தாமல் இருப்பதற்காக மட்டும் சொல்லப்படுவதன்று இது. பெட்ரோல் குழாய்வழியே பாய்ந்து கேனில் விழும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. கேன் தரையில் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். விரிப்பின்மீதோ பிளாஸ்டிக் தட்டின்மீதோ இருந்தால் அது போக வழியின்றி உலோகக் கேனில் தேங்கிநின்று, குழாய்முனை நெருங்கும்போது பொறியாகப் பாயும். பாயும் இடமும் ஆவி மிகுந்திருக்கும் கேனின் வாயாகவே இருக்கும்.

எஞ்சினை நிறுத்தி, கேனைத் தரையில் வைத்து, அதன் மூடியைத் திறப்பதற்கு முன், சற்றுத் தள்ளியிருக்கும் ஏதாவது ஓர் உலோகப் பரப்பை வெறுங்கையால் தொட்டுவிடுங்கள். உடலில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் அங்கேயே இறங்கிவிடும். குழாய்முனை கேனின் வாய் விளிம்பைத் தொட்டபடியே இருக்க, மெதுவாக நிரப்பச் சொல்லுங்கள். நிரம்பும்வரை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து மீண்டும் இறங்காதீர்கள். இருக்கையில் உரசி எழும்போதுதான் உடலில் மின்னூட்டம் மிக அதிகமாகச் சேர்கிறது.

இங்கே செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் நிலையத்தில் செல்போன் வெடித்துத் தீப்பிடித்ததாகச் சொல்லப்படும் கதைகள் ஏராளம். ஆனால் அப்படிச் சொல்லப்பட்ட சம்பவங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் பெரும்பாலும் இந்த நிலைமின்சாரமே. இருந்தாலும் அங்குள்ள அறிவிப்பின்படி போனை எடுத்துவைப்பதே சரி. பேசிக்கொண்டிருப்பவரின் கவனம் கேனில் இருக்காது.

கேனை விளிம்புவரை நிரப்பக் கூடாது. மேலே இருபதில் ஒரு பங்காவது வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் சூட்டில் நன்றாக விரியக்கூடியது. குளிர்ந்த காலையில் நிரப்பிய 20 லிட்டர் பெட்ரோல், வெப்பநிலை 25 டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் பெருகிவிடும். இடமில்லாவிட்டால் அந்த அரை லிட்டர் மூடியின் ஓரமாக வெளியே வரும். நிரப்பி முடித்ததும் மூடியை இறுக்கி, கேனின் வெளிப்புறத்தைத் துடைத்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

கொண்டுசெல்வதும் வைத்திருப்பதும்

வண்டியில் கேன் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாயாதபடி கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆட்கள் உட்காரும் பகுதியில் வைக்காமலிருப்பது நல்லது. வேறு வழியில்லையென்றால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, எவரும் புகைபிடிக்காமல், வழியில் எங்கும் நிற்காமல் போய்ச்சேர வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்ரோல் கேனை விட்டுச்செல்வது மிகத் தவறு. எவ்வளவு பெட்ரோலைக் கேனில் கொண்டுபோகலாம், வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு இடத்துக்கு இடம் சட்டம் மாறுபடும். வாங்குவதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம் வீட்டோடு ஒட்டாத, காற்றோட்டமுள்ள, நிழலான கொட்டகையாக இருக்க வேண்டும். சமையலறை, படிக்கட்டின் அடிப்பகுதி, நிலவறை, மின்மீட்டருக்குக் கீழே உள்ள மூலை ஆகியவை கூடாத இடங்கள். ஆவி தரையோடு தவழும் என்பதால், அந்தக் கொட்டகையின் தரைமட்டத்தில் காற்று வெளியேறும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கூரையோரம் மட்டும் ஜன்னல் இருந்தால் போதாது. குழந்தைகளுக்கு எட்டாதபடி பூட்டிவைப்பதும், தேவைக்கு அதிகமாகச் சேர்த்துவைக்காமல் இருப்பதும் சொல்லாமலே விளங்கும்.

காலியான கேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊற்றித் தீர்ந்த கேனில் பெட்ரோல் இல்லை, ஆனால் ஆவி இருக்கிறது. ஊற்றும்போது உள்ளே புகுந்த காற்றும் இருக்கிறது. நிறைந்த கேனுக்குள் ஆவி மிக அடர்ந்திருப்பதால் எரிவதற்குப் போதிய காற்று இருப்பதில்லை. காலிக் கேனிலோ அந்தக் கலவை வெடிக்கும் அளவுக்கு வந்துவிடக்கூடும். எனவே காலிக் கேனையும் மூடியே வைக்க வேண்டும். பழைய பெட்ரோல் டேங்கையோ டின்னையோ வெல்டிங் வைப்பதும், வெட்டி வேறு பொருளாக மாற்றுவதும், அதற்குரிய முறைகள் தெரிந்தவர்களைத் தவிர எவரும் தொடக்கூடாத வேலை.

எஞ்சினுக்கு ஊற்றுதல்

இப்போது அந்த இரண்டு நிமிடங்களுக்கு வருவோம். ஏதேனும் ஒரு விதியை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள் என்பதையே நான் அவரிடம் கேட்பேன். எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் மீறுகிற விதி அது. வேலை பாதியில் நிற்கிறது, எஞ்சின் இருமி நின்றுவிட்டது, கேன் கையருகில் இருக்கிறது. பத்து நிமிடம் சும்மா நிற்க எவருக்கும் மனம் வருவதில்லை. சிறிய எஞ்சின்களில் டேங்கும் சைலன்சரும் ஒரு சாண் இடைவெளியில் இருப்பவை. சிந்தும் பெட்ரோல் நேராகச் சூடான உலோகத்தின்மீது விழுந்து அந்த நொடியே ஆவியாகிறது. குறைந்தது 10 முதல் 15 நிமிடமாவது ஆறவிட வேண்டும். வெயிலில் நீண்ட நேரம் ஓடிய எஞ்சினுக்கு அதைவிடவும் கூடுதலாகத் தேவைப்படலாம். வேலையைத் தொடங்கும் முன்பே டேங்கை நிரப்பிக்கொண்டு, உங்கள் ஓய்வையும் எஞ்சினின் ஓய்வையும் ஒரே நேரத்தில் அமைத்துக்கொண்டால் இந்தக் காத்திருப்பு பாரமாகத் தெரியாது.

ஆறும் நேரத்தில் இடத்தைத் தயார் செய்யலாம். இயந்திரத்தைக் கட்டடத்துக்கு வெளியே, சமமான, செத்தையோ காய்ந்த புல்லோ இல்லாத வெறுந்தரைக்குக் கொண்டுவாருங்கள். சுற்றிலும் அடுப்பு, சுருட்டு, பீடி, எரியும் குப்பை, ஓடும் வேறு இயந்திரம் எதுவும் இல்லையா என்று பாருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனித்து, அது உங்கள் முதுகிலோ பக்கவாட்டிலோ படும்படி நில்லுங்கள். தீயணைப்பானை இயந்திரத்தின் அருகில் வைக்காமல், நீங்கள் பின்வாங்கும் வழியில் சில அடி தள்ளி வையுங்கள். தீப்பிடித்த பிறகு தீயைத் தாண்டிப் போய் அதை எடுக்க முடியாது.

அடுத்து, டேங்கின் மூடியைச் சுற்றியுள்ள தூசியையும் மரத்தூளையும் துடைத்துவிட்டு, மூடியை மிக மெதுவாக, கால் திருகு மட்டும் திருப்பி நிறுத்துங்கள். சூட்டில் டேங்குக்குள் அழுத்தம் கூடியிருக்கும். ‘உஸ்’ என்ற ஒலி அடங்கிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும். மரம் அறுக்கும் ரம்பம் போன்ற கையில் பிடிக்கும் கருவிகளில், டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கும்போது சூடாக இருக்கையில் சட்டென்று திறந்தால், உள்ளே இருப்பது ஊற்றுநீர்போல முகத்தை நோக்கிப் பீறிட்டு அடித்த சம்பவங்கள் உண்டு. மூடியின்மேல் ஒரு துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளிவைத்துத் திறப்பது அதற்காகத்தான்.

பின்னர் கேனின் மூக்கை டேங்கின் வாயில் தொட்டு நிறுத்தி, சிறு தாரையாக ஊற்றுங்கள். கேனுக்குக் காற்றுத்துளை இருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் ‘குபுக் குபுக்’ என்று விட்டுவிட்டு விழுந்து சிந்தும். புனல் வைத்தால் அது டேங்கின் வாயில் உறுதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உலோக டேங்குக்கு உலோகப் புனலே பொருத்தம். டேங்கிலும் கழுத்துவரை நிரப்பாமல் விரற்கடை இடம் விடுங்கள். ஒரு கையில் போனும் மறு கையில் கேனுமாக ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கேனுக்கு இரண்டு கையும் வேண்டும்.

ஊற்றி முடித்ததும் முதலில் கேனை மூடுங்கள், பிறகு டேங்கை மூடுங்கள். திறந்த கேன் காலில் தட்டிக் கவிழ்வது பலருக்கும் நடப்பதுதான். மூடி சரியாகப் பதிந்ததா என்று ஒருமுறை கையால் திருகிப் பார்த்து, சிந்தியதைத் துடைத்து, ஈரம் உலரும்வரை காத்திருங்கள். அதற்குப் பின்னும் அங்கேயே நின்று எஞ்சினைக் கிளப்பக் கூடாது. இயந்திரத்தையோ கேனையோ இடம் மாற்றி, பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளிப்போன பிறகே கிளப்ப வேண்டும்.

சில எஞ்சின்களுக்குத் தனிக் கவனம்

ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் தீர்வது பெரும்பாலும் இரவில், மின்சாரம் இல்லாதபோது. ஓடும்போதே ஊற்றிவிட்டால் விளக்கு அணையாதே என்ற ஆசையும், அணைத்துவிட்டால் மெழுகுவத்தியோ அரிக்கேன் விளக்கோ ஏற்றிக்கொண்டு ஊற்றும் கட்டாயமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. சிறிது நேர இருட்டைப் பொறுத்துக்கொள்வதே சரி. பேட்டரி டார்ச்சைக் கேனைத் திறப்பதற்கு முன்பே எரியவிட்டுத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது சுவிட்சைத் தட்டக் கூடாது. படுக்கப்போகும் முன் டேங்கை நிரப்பிவைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

மோட்டார் சைக்கிளில் டேங்க், சூடான எஞ்சினுக்கு நேர்மேலே இருக்கிறது. ஓட்டியவரும் பின்னால் இருப்பவரும் இறங்கிநின்ற பிறகே பெட்ரோல் போட வேண்டும். வழியும்வரை நிரப்பச் சொல்வது வீண். வழிவது எஞ்சின்மீதுதான் விழும்.

படகுகளில் ஆவி போக இடமில்லாமல் அடித்தளத்தில் தேங்கும். கழற்றக்கூடிய டேங்க் என்றால் கரைக்கு எடுத்துவந்து நிரப்புங்கள். படகோடு பொருத்திய டேங்க் என்றால், நிரப்பும்போது உள்ளறைகளின் கதவுகளையும் ஜன்னல்களையும் மூடிவைத்து, முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்து, காற்று வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, அடித்தளத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

எண்ணெய் கலந்து ஓடும் எஞ்சின்களில், கலவையை டேங்கில் ஊற்றிக் கலக்காமல் கேனிலேயே கலந்து, மூடியை இறுக்கிக் குலுக்கிக்கொள்ள வேண்டும். 50க்கு 1 என்ற விகிதம் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய்தான். அந்தச் சிறிதளவு எண்ணெய் பெட்ரோலின் தீப்பற்றும் குணத்தைச் சற்றும் குறைப்பதில்லை. கிளம்ப மறுக்கும் எஞ்சினின் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் சுடர் அந்த வாய்வழியாகவே வெளிவரும், முகமும் கேனும் அதற்கு எதிரில் இருக்கும்.

பெட்ரோலுக்கு எஞ்சினைத் தவிர வேறு வேலை கிடையாது. கை கழுவவும், கிரீஸ் துடைக்கவும், குப்பை கொளுத்தவும் அதைப் பயன்படுத்துவது ஆபத்து. குவியலின்மேல் பெட்ரோலை ஊற்றிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடும் நேரத்தில் ஆவி உங்கள் கால்வரை பரவியிருக்கும். எரிகிற குவியலின்மேல் ஊற்றினாலோ சுடர் தாரையைப் பற்றிக்கொண்டு கேனுக்குள் ஏறி, அதன் வாயிலிருந்து எதிரே நிற்பவர்மேல் பீய்ச்சியடிக்கும். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சி ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் கூடாது. கைப்பம்பு வைத்து மாற்றுங்கள். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும், ஏனெனில் வெளிவரும்போது அது நுரையீரலுக்குள் புகுந்தால் சேதம் இன்னும் பெரிது.

சிந்திவிட்டால்

சிறிதளவு சிந்தினால் மணலையோ உலர்ந்த மண்ணையோ தூவி உறிஞ்சவிட்டு, கட்டடத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமான வெளியில் உலர விடுங்கள். தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்குள் தள்ளுவது ஆபத்தை அடுத்த தெருவுக்கு அனுப்புவதுதான்; சாக்கடைக்குள் தேங்கிய ஆவி எங்கே வெளிப்படும் என்று எவராலும் சொல்ல முடியாது. துடைத்த துணியை மூலையில் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். அறைக்குள் அதிகம் சிந்திவிட்டால் அங்கிருக்கும் எந்தச் சுவிட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள்; எல்லோரையும் வெளியேற்றி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்து உதவிக்கு அழையுங்கள்.

உடையில் பட்டுவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பெட்ரோல் நனைத்த சட்டையோடு எஞ்சினைக் கிளப்புவதோ, அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைவதோ கூடாது. வெளியிலேயே, உடலில் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டு உடையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த உடையை வாசனை போகும்வரை வெளியே காயவைத்த பிறகே துவைக்க வேண்டும். நேராகத் துணி துவைக்கும் இயந்திரத்திலோ உலர்த்தும் இயந்திரத்திலோ போட்டால் அதற்குள்ளேயே தீப்பிடிக்கலாம்.

தீப்பிடித்தால்

ஊற்றிக்கொண்டிருக்கும்போது டேங்கின் வாயில் தீப்பற்றினால், கேனை வெடுக்கென்று இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் எரியும் பெட்ரோல் உங்கள்மேலும் தரையிலும் சிதறும். கேனை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டும். பெட்ரோல் நிலையத்திலும் அப்படித்தான்: குழாய்முனையை உருவாமல் விலகி, ஊழியரிடம் கத்திச் சொல்லுங்கள், விசையை நிறுத்திப் பாய்ச்சலைத் துண்டிக்க அவர்களால் முடியும்.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாயிற்று, எல்லோரும் விலகியாயிற்று, தீ இன்னும் சிறிதாகவே இருக்கிறது, தப்பிக்கும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்ற நான்கும் உறுதியானால் மட்டுமே தீயணைப்பானை எடுக்கலாம். உலர்ந்த தூள் அல்லது நுரை வகை ஏற்றது. கரியமிலவாயு வகை, காற்றடிக்கும் வெளியில் அவ்வளவாகப் பயன்படாது. தண்ணீரை ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும். காற்று முதுகில் படும்படி 2, 3 மீட்டர் தள்ளி நின்று, ஊசியை உருவி, சுடரின் உச்சியை விட்டு அதன் அடியைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, பக்கவாட்டில் பெருக்குவதுபோல அடியுங்கள். சிறிய தீயணைப்பான் பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் தீர்ந்துவிடும். தீர்ந்தும் அணையவில்லையென்றால் அதைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். கேன் அருகில் இருக்கும் தீயோடு மல்லுக்கட்டக் கூடாது.

ஒருவர் உடையில் தீப்பிடித்தால் ஓடவிடாதீர்கள். கையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் விழுந்து புரளச் செய்யுங்கள். கனமான பருத்திப் போர்வையோ சாக்கோ கிடைத்தால் கழுத்திலிருந்து கால்வரை சுற்றி அமுக்குங்கள். அணைந்ததும் சுட்ட இடத்தில் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. பற்பசை, வெண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வைக்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தீ அணைந்த எஞ்சினிடம் உடனே நெருங்க வேண்டாம். தூள் சுடரைக் கொல்கிறதே தவிர உலோகத்தைக் குளிர்விப்பதில்லை. சூடான சைலன்சர் அடுத்த நிமிடமே ஆவியை மீண்டும் பற்றவைக்கலாம். எனவே தீயணைப்பு வீரர்கள் வந்து பார்க்கும்வரை தள்ளியே நின்று கண்காணியுங்கள். பிறகு, ட்யூப், மூடியின் ரப்பர் வளையம், கார்புரேட்டர், டேங்கின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாக மெக்கானிக் சோதித்து, பெட்ரோல் எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அந்த எஞ்சினைக் கிளப்பாதீர்கள்.